பட்டறை கேள்வி-பதில்: இந்த மாதம் முழுக்க இடது மரை

தபாலில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லெஃப்ட் த்ரெட், அதாவது இடது மரை (கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்பினால் இறுகும் திருகுமரை) பற்றியே இருந்ததால், மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். காஸ்டிங் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், எங்களுடையது ஸ்லான்ட் பெட் (சாய்ந்த படுக்கை) சி.என்.சி லேத், டரெட் (டூல்களை மாட்டும் தலை) பின்பக்கம். எம் 20 × 1.5 (விட்டம் 20, பிட்ச் அதாவது மரைக்கு மரை தூரம் 1.5 மில்லிமீட்டர்) ரைட் த்ரெட் புரோகிராம் மாசக்கணக்கில் ஓடுகிறது. அதே அளவில் லெஃப்ட் த்ரெட் வேண்டும் என்றார்கள். ஸ்பிண்டில் சுற்றும் பக்கத்தைச் சொல்லும் எம்03-ஐ, எதிர்ப்பக்கமான எம்04 ஆக மாற்றினேன், வேறு எதையும் தொடவில்லை. முதல் பாஸிலேயே டிப் (வெட்டும் துண்டு, இன்சர்ட்) முனை பறந்துவிட்டது. புரோகிராமில் எங்கே தப்பு?
(சி.என்.சி ஆபரேட்டர், கணபதி, கோவை)

பதில்: புரோகிராமில் தப்பில்லை தம்பி, டரெட்டில்தான் தப்பு. நீங்கள் கொடுத்த புரோகிராம் இடது மரைதான் போட்டிருக்கும், போட முடிந்திருந்தால்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மரை போடும் கட்டளைகளான ஜி76-இலோ ஜி92-இலோ ஜி32-இலோ "இது இடது மரை" என்று சொல்ல ஒரு எழுத்துகூடக் கிடையாது. சீமென்ஸ் கன்ட்ரோலிலும் இதே கதைதான். மரை வலதா இடதா என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஜாப் (கடையப்படும் துண்டு) எந்தப் பக்கம் சுற்றுகிறது, டூல் சக்கை (ஜாபைப் பிடித்துச் சுற்றும் தலையை) நோக்கிப் போகிறதா சக்கை விட்டு வருகிறதா. ஜாபின் மேல்பக்கம் ஆபரேட்டரை நோக்கி வரும்படி சுற்றி (சென்டர் லேத்தின் ஃபார்வேர்டு), டூல் சக்கை நோக்கிப் போனால் வலது மரை. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் திருப்பினால் இடது மரை. இரண்டையும் திருப்பினால் மறுபடி வலது மரையே வந்து நிற்கும், பலர் இதில் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் டிப் ஏன் போனது? பின்பக்க டரெட்டில் எம்03-இல் ஓட்டும்போது இன்சர்ட்டின் முகம் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கும், ஏனென்றால் அந்தச் சுற்றில் ஜாபின் பின்பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது. நீங்கள் எம்04 போட்டதும் அதே பின்பக்கம் மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது, அதாவது வெட்டும் முகத்துக்குப் பதிலாக இன்சர்ட்டின் முதுகில் போய் இடித்தது. கத்தியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காய் நறுக்கிய மாதிரி.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எம்03-ஐயும் இப்போதுள்ள ஹோல்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு, சக் பக்கம் உள்ள அண்டர்கட்டில் (மரை முடியும் இடத்தில் கடைந்த பள்ளத்தில்) ஆரம்பித்து வெளியே வருவது. இன்னொன்று, எம்04-ஐ வைத்துக்கொண்டு இடது கை ஹோல்டர் (எஸ்.இ.எல் என்று தொடங்கும்), அதற்கான 16 இ.எல் இன்சர்ட், முகம் மேல்பக்கம், வழக்கம்போல முன்னாலிருந்து சக்கை நோக்கி. இரண்டாவதில் ஹோல்டருக்கும் இன்சர்ட்டுக்கும் காசு செலவு, ஆனால் மாதாமாதம் வருகிற ஜாப் என்றால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். வெட்டு விசையும் டூலைக் கீழே படுக்கையில் அழுத்துகிறது, மேலே தூக்குவதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. எம்03 என்றால் எந்தப் பக்கம் என்று புத்தகத்தைப் பார்த்து நம்பாதீர்கள். எம்.டி.ஐ-யில் (கட்டளையைக் கையால் அடித்து ஓட்டும் முறை) 50 ஆர்.பி.எம் கொடுத்து, கதவுக் கண்ணாடி வழியாக ஜாபின் மேல்பக்கம் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். மார்க்கர் பேனாவில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.

கேள்வி: உள்மரை போடும்போது இந்த விதி தலைகீழாகுமா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு பெரிய சண்டையே நடந்தது.
(பாலிடெக்னிக் மாணவி, சேலம்)

பதில்: ஆகாது. டரெட் முன்னாலா பின்னாலா, இன்சர்ட் மேலேயா கீழேயா, உள்ளேயா வெளியேயா, எதுவும் மரையின் கையை மாற்றாது. சுற்றும் திசை, நகரும் திசை, அவ்வளவுதான். சண்டையில் நீங்கள் எந்தக் கட்சி என்று எழுதவில்லையே! ஒரு உபரித் தகவல்: அடி மூடிய துளையில் இடது உள்மரையை எம்03-இல் உள்ளேயிருந்து வெளியே இழுத்துப் போடுவது உண்மையில் வசதியான வேலை. சீவல் டூலோடு சேர்ந்து வெளியே வரும், பார் போய் அடியில் முட்டும் பயமும் இல்லை. ஆனால் உள்ளே அண்டர்கட் போட மறக்கக் கூடாது.

கேள்வி: ஐயா, எனக்கும் லேத்துக்கும் சம்பந்தமில்லை. டேபிள் ஃபேன் துடைக்கலாம் என்று இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நட்டைத் திருகினேன், திருகத் திருக இறுகி கடைசியில் உடைந்தேவிட்டது. ஊரில் எல்லாம் ஒரு பக்கம் கழலும்போது இது மட்டும் ஏன் மறுபக்கம்?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: இதழின் இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு நல்ல கேள்வி வருவது அபூர்வம் அம்மா. உங்கள் ஃபேன் முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். சுவிட்சைப் போட்டதும் தண்டு சட்டென்று சுற்றத் தொடங்கும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் நட் ஒரு கணம் சோம்பல்பட்டுப் பின்தங்கும். சாதாரண வலது மரையாக இருந்தால் அந்தப் பின்தங்கலே அதைக் கழற்றிவிடும், ஒரு நாள் இறக்கை நட்டோடு பறந்து வந்து கூடத்தில் விழும். இடது மரையாக இருப்பதால் ஒவ்வொரு முறை போடும்போதும் அது இறுகத்தான் செய்யும். பெரும்பாலான நட்டுகளின் மேலேயே எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று அம்புக்குறி இருக்கும், தூசியில் மறைந்திருக்கும்.

இதே காரணத்துக்காகத்தான் பட்டறையில் பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்கச் சக்கர நட் இடது மரை, வலப்பக்கம் வலது மரை. சைக்கிளின் இடது பெடலும் அப்படித்தான், அங்கே காரணம் கொஞ்சம் வேறு, மிதிக்கும் பாரம் பெடல் தண்டைச் சுற்றி உருண்டு உருண்டு மெதுவாகத் திருகிவிடும். விமானம் செய்வதற்கு முன்னால் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைதான் வைத்திருந்தார்கள், 1900-இலேயே அவர்கள் தங்கள் சைக்கிள்களில் இடது பெடலுக்கு இடது மரை போட்டு விளம்பரம் செய்தார்கள். வெல்டிங் கடையில் பார்த்தால் இன்னொரு உபயோகம்: அசிட்டிலின் ரெகுலேட்டர் இடது மரை, ஆக்ஸிஜன் வலது மரை, அவசரத்தில் ஒன்றை இன்னொன்றில் மாட்டவே முடியாது. அசிட்டிலின் நட்டின் விளிம்புகளில் சின்ன வெட்டு இருக்கும், கையால் தடவினாலே தெரியும்.

கேள்வி: அண்டர்கட்டில் ஆரம்பித்து வெளியே வரும் முறையில் இடது மரை போட்டோம். எம் 20 × 1.5, எஸ்1500 (நிமிடத்துக்கு 1500 சுற்று). அண்டர்கட் அகலம் 5 மில்லிமீட்டர். ரிங் கேஜின் (மரையைச் சோதிக்கும் வளையம்) கோ பக்கம், அதாவது ஏற வேண்டிய பக்கம், முன்னாலிருந்து வெண்ணெய் மாதிரிப் போகிறது, கடைசி இரண்டு மரையில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. ஆஃப்செட்டைக் குறைத்து ஆழமாக வெட்டினால் முன்பக்கம் லூஸாகி, ஏறக் கூடாத நோ-கோவும் உள்ளே போகிறது. ஷாஃப்ட் கோணலா?
(ஜாப் ஒர்க் பட்டறை நடத்துபவர், அம்பத்தூர்)

பதில்: ஷாஃப்ட் நேராகத்தான் இருக்கும். நின்றுபோகிற இடம் எது என்று பாருங்கள், டூல் ஓட ஆரம்பித்த இடம். அங்கேதான் விஷயம்.

லேத்துக்கு நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் வராது. எஸ்1500-இல் பிட்ச் 1.5 என்றால் இசட் ஆக்ஸிஸ் (ஜாபின் நீளவாக்கில் நகர்வது) நிமிடத்துக்கு 2250 மில்லிமீட்டர் ஓட வேண்டும். அந்த வேகத்தைப் பிடிக்கும் வரை டூல் பின்தங்கியே ஓடும், அதுவரை வெட்டிய மரையின் பிட்ச் 1.5-ஐ விடக் குறைவாகவே இருக்கும். வலது மரை போடும்போது இந்தப் பிழையெல்லாம் ஜாபுக்கு வெளியே காற்றில் போய்விடுவதால் யாரும் கவனிப்பதே இல்லை. இடது மரையில் அதே ஓட்டம் அண்டர்கட்டுக்குள் அடங்க வேண்டும், அடங்கவில்லை என்றால் மீதி உங்கள் மரையில் வந்து ஏறும்.

எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு ஃபனுக் கன்ட்ரோலின் கையேட்டில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பிட்ச்சை ஆர்.பி.எம்மால் பெருக்கி 1800-ஆல் வகுத்து, வந்ததை 3.6-ஆல் பெருக்குங்கள். பிட்ச் பிழை நூற்றில் ஒரு பங்குக்குள் இருக்க இவ்வளவு ஓட்டம் தேவை. உங்களுக்கு 1.5 × 1500 ÷ 1800 என்றால் 1.25, அதை 3.6-ஆல் பெருக்கினால் 4.5 மில்லிமீட்டர். அண்டர்கட் 5 இருக்கிறதே என்று நினைப்பீர்கள், ஆனால் 5-உம் கிடைக்காது. இன்சர்ட்டின் முனை அதன் ஓரத்திலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது, ஷோல்டரில் (விட்டம் பெரிதாகும் படியில்) உரசாமல் இன்னும் கொஞ்சம் இடைவெளி வேண்டும், மறுமுனையில் மரை வெட்டு முனையின் பாதி அகலத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். கழித்துப் பார்த்தால் உருப்படியாக 3 மில்லிமீட்டர் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

எஸ்800 வையுங்கள். அப்போது தேவை 2.4 மில்லிமீட்டர், உள்ளே அடங்கிவிடும். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 50 மீட்டர்தான் வரும், கார்பைடுக்கு அது கொஞ்சம் மந்தம், சீவல் முனையில் ஒட்டினால் கூலன்ட்டை நேராக முனையில் விழும்படி திருப்புங்கள். இன்னும் கீழே போகாதீர்கள்.

ஷோல்டர் இசட் மைனஸ் 35-இல், அண்டர்கட் மைனஸ் 35 முதல் மைனஸ் 30 வரை, அடி விட்டம் 17.7 என்று வைத்துக்கொண்டால் புரோகிராம் இப்படி வரும்:

டி0303
ஜி97 எஸ்800 எம்03
ஜி00 எக்ஸ்24. இசட்5.
இசட்-33.5
ஜி76 பி010060 க்யூ50 ஆர்0.02
ஜி76 எக்ஸ்18.16 இசட்3. பி920 க்யூ250 எஃப்1.5
ஜி00 எக்ஸ்40.
இசட்100.

முதல் பி-யின் நடு இரண்டு இலக்கம் 00 என்பதைக் கவனியுங்கள். அது மரை முடியும் இடத்தில் டூலைச் சரிவாக வெளியே தூக்கும் அளவு. நாம் முடிப்பது காற்றில், அங்கே சரிவுக்கு வேலையில்லை. பழைய புரோகிராமிலிருந்து காப்பி அடித்தவர்கள் 10 என்று விட்டிருப்பீர்கள். கடைசி 60 மரைக் கோணம், இதனால் டூல் ஒரு பக்கச் சரிவிலேயே இறங்கும், எனவே ஒவ்வொரு பாஸிலும் ஆரம்ப இடம் சிறிது நகரும், கடைசி ஆழம் வரை சேர்த்தால் அரை மில்லிமீட்டர் வரும். ஆகவே மைனஸ் 33.5-ஐ "இன்னும் கொஞ்சம் உள்ளே" என்று ஆசைப்பட்டுத் தள்ளாதீர்கள். அப்புறம், அண்டர்கட் விட்டம் 18.16-ஐ விடச் சின்னதாக இருந்தே ஆக வேண்டும், டூல் அங்கே ரேபிடில் இறங்குகிறது. முதல் ஜாபை சிங்கிள் பிளாக்கில், எக்ஸ் ஆஃப்செட்டை 5 மில்லிமீட்டர் மேலே தூக்கி வைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும் பாதை ஷோல்டர் ஓரமாக வருவதைப் பார்க்கும்போது வயிற்றில் புளி கரைக்கும், எனக்கு இன்றும் கரைக்கிறது.

ஏற்கனவே எஸ்1500-இல் வெட்டிய ஜாபை எடுத்து எஸ்800-இல் திரும்பச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வேகம் மாறினால் டூல் பின்தங்கும் தூரமும் மாறும், புதிய வெட்டு பழைய பள்ளத்தில் உட்காராது, மரையைக் குறுக்கே அறுத்துவிடும். புது ஜாப் போடுங்கள். ஜி96-இல் (விட்டத்துக்கு ஏற்ப ஆர்.பி.எம் மாறும் முறையில்) மரை போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: டிராப்பிசாய்டல் (சரிவக வடிவ) 30 × 6 இடது மரை. ரைட் ஹோல்டரிலேயே எம்03-இல் பின்னாலிருந்து வெளியே வருகிறோம். மரையின் ஒரு பக்கச் சுவர் பளபளப்பாகத் தேய்ந்த மாதிரி, இன்சர்ட் நாலைந்து ஜாபில் காலி. எம் 20-இல் இப்படி வந்ததே இல்லை.
(செட்டர், ஓசூர்)

பதில்: அது வெட்டவில்லை, தேய்க்கிறது. பளபளப்பே சாட்சி.

ஹோல்டரில் இன்சர்ட்டுக்கு அடியில் இருக்கும் ஆன்வில் (ஷிம் என்றும் சொல்வார்கள்) இன்சர்ட்டை மரையின் சாய்வுக்கு ஏற்ப 1.5 டிகிரி சாய்த்துப் பிடிக்கிறது. ரைட் ஹோல்டரில் அந்தச் சாய்வு வலது மரைக்கானது. ஹோல்டரைத் தலைகீழாகத் திருப்பினாலும், முன் டரெட்டில் போட்டாலும் பின் டரெட்டில் போட்டாலும் அது வலது மரைக்கானதாகவே இருக்கும், ஒரு வலது மரை நட்டை எப்படித் திருப்பி வைத்தாலும் அது வலது மரை நட்டாகவே இருப்பது மாதிரி.

எம் 20 × 1.5-இன் சாய்வு 1.44 டிகிரிதான். எதிர்ப்பக்கம் வெட்டும்போது வித்தியாசம் சுமார் 3 டிகிரி. 60 டிகிரி மரைக்கு இன்சர்ட்டின் பக்கவாட்டுக் கிளியரன்ஸ் (சுவரில் உரசாமல் ஒதுங்கும் கோணம்) கிட்டத்தட்ட 5.8 டிகிரி இருப்பதால் சமாளித்துவிடுகிறது, ஆயுள் குறைவதோடு சரி. உங்கள் 30 × 6-க்கு சாய்வு 4 டிகிரி, ஆன்விலோடு சேர்த்து வித்தியாசம் 5.5. 30 டிகிரி மரைச் சுவர் செங்குத்தாக நிற்பதால் அங்கே பக்கவாட்டுக் கிளியரன்ஸ் 2.7 டிகிரிதான். எங்கிருந்து வெட்டும்?

மைனஸ் ஆன்வில் போடலாம் என்பார்கள். கடையில் சுலபமாகக் கிடைப்பது மைனஸ் 1.5 வரைதான், அப்போதும் வித்தியாசம் 2.5, மயிரிழையில் தப்பிப்பது. எம் 20-க்கு மைனஸ் 1.5 அருமையான தீர்வு, உங்களுக்கு இல்லை. லெஃப்ட் ஹோல்டர், லெஃப்ட் இன்சர்ட், 4 டிகிரிக்கு அருகில் உள்ள ஆன்வில், எம்04, முன்னாலிருந்து சக்கை நோக்கி. வேறு வழி எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: வி.எம்.சி-யில் (சி.என்.சி மில்லிங் மெஷின்) இடது டேப்புக்கு (துளைக்குள் மரை வெட்டும் கருவி) ஜி74 போடுவோம். அதே ஜி74-ஐ லேத்தில் போட்டதும் டேப் கொத்திக் கொத்திப் போய் உடைந்தது. கன்ட்ரோல் இரண்டும் ஒரே கம்பெனிதான்.
(திருச்சி வாசகர்)

பதில்: கம்பெனி ஒன்று, மொழி வேறு. மில்லிங்கில் ஜி74 இடது டேப்பிங், லேத்தில் அதே ஜி74 முகப்புத் துளையைக் கொத்திக் கொத்திப் போடும் சைக்கிள் (கட்டளைத் தொடர்). அது சொன்னபடியே கொத்தியிருக்கிறது பாவம். லேத்தில் முகப்பு டேப்பிங் ஜி84. இடது டேப் உள்ளே இறங்க ஸ்பிண்டில் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், ரிஜிட் டேப்பிங்கில் அதை எப்படிச் சொல்வது என்பது மெஷின் கட்டியவர் வைத்த பாராமீட்டரையும் எம் கோடையும் பொறுத்தது, மெஷினோடு வந்த மேனுவலைத் திறங்கள்.

கேள்வி: டிராயிங்கில் எல்.எச் (லெஃப்ட் ஹேண்ட்) என்று இருந்ததைக் கவனிக்காமல் வலது மரை போட்டு அனுப்பிவிட்டோம். கேஜ் கூட ஓகே ஆனது! இதற்கு ஏதாவது வழி உண்டா?
(இன்ஸ்பெக்டர், குறிச்சி, கோவை)

பதில்: கேஜ் ஓகே ஆனது என்றால் கேஜும் வலது மரைக் கேஜ்தான். ஸ்டோரில் கையில் கிடைத்ததை எடுத்துக் கொடுத்திருப்பார்கள், எம் 20 என்பதை மட்டும் பார்த்து. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதே தப்பைச் செய்து 40 ஜாபை ஸ்கிராப்புக்கு அனுப்பியிருக்கிறேன், அந்தக் கம்பெனி மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை, 40-ஐயும் என் மெஷின் பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு மாசம் அப்படியே இருந்தது.

பிட்ச் சரியாக இருக்கும், விட்டம் சரியாக இருக்கும், மைக்ரோமீட்டர் எதையும் காட்டிக் கொடுக்காது. கண்தான் காட்டும். ஜாபைச் செங்குத்தாகப் பிடியுங்கள். முன்னால் தெரியும் மரைக் கோடுகள் இடமிருந்து வலமாக மேலே ஏறினால் வலது மரை, வலமிருந்து இடமாக ஏறினால் இடது மரை. தலைகீழாகப் பிடித்தாலும் இதே பதில்தான் வரும், அதனால் எந்த முனை மேலே என்று குழம்ப வேண்டாம். முதல் ஜாப் அப்ரூவல் ஷீட்டில் இதற்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டுவிடுங்கள், இடது மரைக் கேஜ்களின் கைப்பிடியில் சிவப்புப் பெயின்ட் அடித்து வேறு டிராயரில் வையுங்கள். போன ஜாபுக்கு வழி கேட்டீர்கள். அண்டர்கட்டோடு அந்த இடத்தையே கடைந்து, டிராயிங்காரர் சம்மதித்தால் சின்ன விட்டத்தில் இடது மரை போடலாம், சம்மதிக்கவில்லை என்றால் இரும்புக் கடைக்குப் போன் போட வேண்டியதுதான்.